வீட்டுக் கணினியில் ஒரு குரல் மன்றம்

மக்கள் தம்முள் கருத்தளவளாவுதற்கு அமைந்த வாயில்கள் இரண்டு. ஒன்று எழுத்து, மற்றொன்று குரல். எழுத்துக் காலத்தை வென்று நிற்பது. குரலோ உள்ளத்தை உடனே தொடுவது. செய்யுளைப் பொறுத்தவரை குரலே முதன்மை உடையது என்பதைத் தமிழ் பயில்வார் யாவரும் அறிவர். கண்ணாற் படித்து விளங்காத ஒரு பாட்டு, நன்கு ஓதுவார் ஒருவர் வாய்வழி வருங்கால் எளிதில் விளங்கிவிடுகின்றது.

இவ்வுண்மையைத் தம் வாழ்நாள் முழுதும் வற்புறுத்தியவர் ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் (1882–1954). அவர்தம் திருநெல்வேலி இல்லத்துத் தொட்டிக்கட்டிலே அன்பர்கள் கூடிக் கவி கேட்டு மகிழ்ந்த கூட்டமே ‘வட்டத்தொட்டி’ எனப் பெயர் பெற்றது. பிற்காலத்தில் அவர் வாழ்ந்த இடம் எங்கள் தென்காசிக்கு அணித்தாகிய குற்றாலம். அக்கூட்டத்திற்கு வேண்டியிருந்தவை மூன்றே: ஒரு வீடு, ஓதும் ஒரு குரல், கேட்கும் சில செவிகள். இம்மூன்றையும் இக்காலத்து ஒரு மாணவன் தன் வீட்டுக் கணினியைக் கொண்டு எங்ஙனம் அமைத்துக்கொள்ளலாம் என்பதையும், அமைத்தபின் அவன்மீது ஏறும் பொறுப்பு யாது என்பதையும் கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம்.

கடந்த கோடை விடுமுறையில் எங்கள் வகுப்பு மாணவர் எண்மர் தத்தம் ஊர் சென்றோம். நான் தென்காசி, ஏனையோர் இலஞ்சி, செங்கோட்டை, பாவூர்சத்திரம், சுரண்டை, ஆலங்குளம் முதலிய ஊரினர். மேலகரத்துத் திரிகூடராசப்பக் கவிராயர் இயற்றிய குற்றாலக் குறவஞ்சியை விடுமுறை முடிவதற்குள் ஒருங்கே படித்து முடித்தல் வேண்டும் என்று உறுதி செய்திருந்தோம். நாள்தோறும் கூடுதற்குப் பேருந்துக் கட்டணம் இடந்தரவில்லை. முகம் பார்த்துப் பேசும் செயலிகளோ கைப்பேசியின் அன்றாட இணைய அளவை விரைவில் விழுங்கிவிட்டன. குரல் மட்டும் போதும் என்னும் எண்ணம் அங்ஙனம் தோன்றியது.

நிற்க. குரலை அனுப்பும் செயலிகள் பல இருக்கத் தனியே ஒன்றை அமைப்பானேன் என்று சிலர் வினவலாம். தென்காசியை அடுத்த மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்துள்ள ஜோஹோ நிறுவனமே ‘அரட்டை’ என்னும் செயலியை 2021-ஆம் ஆண்டில் வெளியிட்டது. 2025-இல் அது நாடெங்கும் பேசப்பட்டது. அத்தகையவை பெரிய சத்திரங்களைப் போல்வன. சத்திரத்தில் யாவர்க்கும் இடமுண்டு. ஆயின் அதன் விதிகளை வகுப்பவர் சத்திரத்தாரே. சொந்த வீட்டின் திண்ணையோ சிறிதாயினும் நம் விதிக்கு உட்பட்டது. சத்திரத்தை இகழ்தற்கு அன்று, திண்ணை கட்டும் முறையை அறிதற்கே யான் இதனைத் தொடங்கினேன்.

முதற்கண் குரல் செல்லும் வழியைக் காண்போம். ஒலிவாங்கி நம் குரலை ஒரு நொடிக்கு 48,000 முறை அளந்து எண்களாக்குகின்றது. ஒவ்வோர் அளவும் 16 பிட் எனக் கொண்டால் ஒரு நொடிக்கு 7,68,000 பிட் ஆகும். இதனை அப்படியே அனுப்புதல் வீண் செலவு. ஆதலின் ‘ஓபஸ்’ என்னும் சுருக்குமுறை கையாளப்படுகின்றது. 2012-இல் இணையத்தின் பொதுத்தரமாக ஏற்கப்பட்ட இம்முறை, மனிதச் செவிக்கு வேண்டுவனவற்றை வைத்துக்கொண்டு ஏனையவற்றை நீக்கி, ஏறக்குறைய 40,000 பிட் அளவிலேயே தெளிவான குரலைத் தரவல்லது. முன்னையதில் இது பத்தொன்பதில் ஒரு பங்கு.

இங்ஙனம் சுருங்கிய குரல் சிறுசிறு பொதிகளாகப் பிரிந்து இணையத்திற் செல்கின்றது. கடிதம் அனுப்புவோர் அது சேர்ந்தமைக்குச் சான்று கேட்பதுண்டு; சேரவில்லையெனின் மீண்டும் அனுப்புவர். குரலுக்கு அம்முறை பொருந்தாது. அருவியில் வீழ்ந்த நீர் மீள்வதில்லை. தவறிய ஓர் அசை ஐந்து நொடி கழித்து வருமாயின் அது பேச்சைக் கெடுக்குமேயன்றி நிரப்பாது. ஆதலின் குரற்பொதிகள் சான்று கேளாத ‘யு.டி.பி.’ முறையிற் செல்ல, கடவுச்சொல் முதலிய தவறக்கூடாத செய்திகள் சான்று கேட்கும் ‘டி.சி.பி.’ முறையிற் செல்கின்றன.

எல்லாப் பொதிகளையும் ஏற்று யாவர்க்கும் பகிர்ந்தளிக்கும் கணினியே சர்வர் எனப்படும் வழங்கி. எண்மர் கூடிய மன்றில் ஒருவர் ஓதினால் வழங்கி அக்குரலை எழுவருக்கு அனுப்புதல் வேண்டும். பொதியின் மேல்முகவரிச் சுமையையும் சேர்த்து ஒருவருக்கு ஏறக்குறைய 55 கிலோபிட் எனக் கொண்டால், எழுவருக்கும் நொடிக்கு 385 கிலோபிட்டே ஆகும். சிறிய ஊர்களின் வீட்டு இணைப்புகளும் இதனைத் தாங்கும். இருவர் ஒருசேரப் பேசின் இது இருமடங்காகும். ஆயின் இருவர் ஒருசேரப் பேசும் மன்றிற் கேட்போர் பயன்பெறுதல் அரிதன்றோ?

இனி அமைக்கும் முறை. நான் தேர்ந்தது ‘மம்பிள்’ என்னும் மென்பொருள். நார்வே நாட்டினராகிய தோர்வால்ட் நாட்விக் என்பவர் 2005-இல் தொடங்கிய இது, மூலநிரலோடு யாவர்க்கும் விலையின்றிக் கிடைப்பது. விளையாட்டுக் குழுவினர் தம்முள் பேசுதற்கென எழுந்தது, இன்று பலவகைக் கூட்டங்களுக்கும் பயன்படுகின்றது.

முதலாவது, வீட்டில் ஒதுக்கி வைத்திருந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் வகைகளுள் ஒன்றாகிய டெபியனை நிறுவினேன். குரலைப் பகிர்வதன்றி வழங்கிக்கு வேறு கடும்பணி இன்மையின் பழங்கணினியே போதுமானது. இரண்டாவது, டெபியனின் களஞ்சியத்திலிருந்து மம்பிள் வழங்கியைப் பெற்று நிறுவி, மேலாளர்க்குரிய கடவுச்சொல்லை அமைத்தேன். மூன்றாவது, அமைப்புக் கோப்பைத் திறந்து, மன்றிற் புகுவார்க்குரிய கடவுச்சொல், கூடுவோர் தொகைக்கு வரம்பு பத்து, ஒருவர் பயன்படுத்தத்தக்க பிட் அளவு ஆகியவற்றைக் குறித்தேன். நான்காவது, நண்பர்கள் தத்தம் ஆண்ட்ராய்டு கைப்பேசிகளில் ‘மம்லா’ என்னும் செயலியை நிறுவிக்கொண்டனர். வீட்டுக்குள் சோதித்தபோது யாவும் செவ்வனே நடந்தன. ஆயின் முதல்நாள் இரவு எழுவருள் ஒருவரும் உள்ளே வரக்கூடவில்லை!

இதன் காரணத்தை எங்கள் பக்கத்து வளவுகளைக் கொண்டு விளக்கலாம். ஒரு வளவினுள் பல வீடுகள் இருப்பினும் தெருவாயில் ஒன்றே. அவ்வாயிலே ரவுட்டர். வெளியிலிருந்து வருவாரை எந்த வீட்டிற்கு விடுவது என்று அதற்குச் சொல்லி வைத்தல் வேண்டும். மம்பிளுக்குரிய வாயிலெண் 64738. இவ்வெண்ணைக் கேட்டு வருவாரைப் பழங்கணினிக்கு அனுப்புக என்று ரவுட்டரில் எழுதி வைத்தேன். பின்னும் எவரும் வரவில்லை. ஆராய்ந்தபோது, எங்கள் தெருவே மற்றொரு பெருவாயிலுக்கு உட்பட்டிருந்ததைக் கண்டேன். பழைய முறையிலமைந்த இணைய முகவரிகள் ஏறக்குறைய 430 கோடியே. உலகின் கருவிகளுக்கு அவை போதா. அதனால் இணைய நிறுவனங்கள் பல வீடுகளைத் திரட்டி ஒரே பொதுமுகவரியின் பின்னே நிறுத்துகின்றன. அப்பெருவாயிலின் திறவுகோல் நம்மிடம் இல்லை. ரவுட்டரின் வெளிமுகவரி 100.64 முதல் 100.127 வரையுள்ள எண்களில் தொடங்குமாயின் நம் வீடும் அத்தகையதே என்று அறிந்துகொள்ளலாம்.

இதற்கு வழிகள் மூன்று. கட்டணம் செலுத்தித் தனிமுகவரி பெறுதல் ஒன்று. வெளியே சிறு வழங்கியொன்றை வாடகைக்குக் கொள்ளுதல் மற்றொன்று. ஆறாம் பதிப்பு முகவரியைப் பயன்படுத்துதல் மூன்றாவது. 128 பிட் நீளமுள்ள இப்புதிய முகவரிகள் ஒவ்வொரு கருவிக்கும் ஒன்றெனக் கொடுக்கினும் குறையாதவை. எங்கள் இணைப்பில் அது இருந்தமையாலும், நண்பர்தம் கைப்பேசிகளும் அதனைப் பெற்றிருந்தமையாலும் யான் மூன்றாவதனையே மேற்கொண்டேன். ரவுட்டரின் காவலில் அவ்வொரு வாயிலை மட்டும் திறந்து, முகவரி மாறுந்தோறும் தானே திருத்திக்கொள்ளும் ஒரு பெயரையும் பதிந்துகொண்டேன். மறுநாள் இரவு எட்டு மணிக்கு எண்மரும் கூடினோம்.

அன்றுமுதல் வாசிப்பு நன்கு நடந்தது. ஒருவர் ஓதுவார், மற்றவர் ஐயம் வினவுவார். பாவூர்சத்திரத்து நண்பனின் தாயார் பீடி சுற்றித் தொழில் செய்பவர். அவர்தம் கைகளும் கண்களும் இலையிலும் நூலிலுமே இருக்கும். செவிகள் மட்டும் ஒழிந்திருக்கும். மகனுடைய கைப்பேசி வாயிலாக நாள்தோறும் அவரும் கேட்டு வந்தார். ஒருநாள் வாசிப்பு முடியும் வேளையில், “தம்பி, அந்தக் குறத்தி அவ மலையப் பத்திச் சொன்னாள்லா, அத இன்னொருக்க வாசிங்கய்யா” என்று அவர் குரல் கேட்டது. தேர்வுக்கெனப் படித்துவந்த எங்களுக்கு அவ்வேண்டுகோள் நாணத்தையும் மகிழ்ச்சியையும் ஒருங்கே தந்தது. மீண்டும் வாசித்தோம், முன்னினும் நன்றாகவே வாசித்தோம்.

ஜூன் மாதம் பிறந்து சாரல் தொடங்கியதும் மின்தடை வந்தது. மின்சாரம் நின்றால் மன்றும் கலையும். ஆகவே கணினி, ரவுட்டர், ஒளியிழை இணைப்புப் பெட்டி ஆகிய மூன்றையும் ஒரு யு.பி.எஸ். கருவியோடு பொருத்தினேன். கணினியை மட்டும் காத்து ரவுட்டரை மறப்பதாற் பயனில்லை என்பதை ஓரிரவு பட்டே அறிந்தேன்.

இனிக் கூறப்போவது கருவியைப் பற்றியதன்று. மம்பிளில் ஒலிவாங்கியை இயக்கும் முறைகளுள், பேச்சொலி கேட்டவுடன் தானே திறந்துகொள்வது ஒன்று. பொத்தானை அழுத்தும்போது மட்டும் திறப்பது மற்றொன்று. எளிமை கருதி யாவரையும் முன்னையதிலேயே வைத்திருந்தேன். ஓரிரவு வாசிப்பினிடையே நண்பன் ஒருவன் கைப்பேசியை வைத்துவிட்டு எழுந்து சென்றான். அவ்வீட்டில் இருவர் பேசிய சில சொற்கள் மன்று முழுதும் கேட்டன. அவை பிறர் கேட்டற்குரியன அல்ல. அக்குடும்பத்தின் துயரத்தைப் பற்றியன. மேலாளர்க்குரிய உரிமையால் அவ்வொலிவாங்கியை உடனே அடைத்தேன். அதற்குள் ஐந்தாறு சொற்கள் வந்துவிட்டன. ஒருவரும் பேசவில்லை. சற்று நேரத்தில் இலஞ்சி நண்பன் விட்ட இடத்திலிருந்து வாசிக்கத் தொடங்கினான்.

மறுநாள் அந்நண்பனிடம் நேரிற் சென்று நடந்ததைச் சொன்னேன். மறைத்தல் எளிது, ஆயின் தன் வீட்டுச் சொல் வெளியே சென்றதை அறியும் உரிமை அவனுக்கு உண்டு. அவன் சிறிது நேரம் வாளா இருந்து, பின், “ராத்திரிக்கு எங்கிருந்து வாசிக்கணும்?” என்று கேட்டான். அவனுடைய இசைவு பெற்றே இதனை எழுதுகின்றேன். அச்சொற்கள் யாவை என்பதை எழுதேன். அன்றே எண்மரையும் பொத்தான் முறைக்கு மாற்றினேன்.

அந்நிகழ்ச்சி மற்றொன்றையும் எண்ணச் செய்தது. மம்பிளில் ஒவ்வொருவர் குரலும் வழங்கி வரையிலும், வழங்கியிலிருந்து கேட்போர் வரையிலும் மறையாக்கப்பட்டே செல்கின்றது. வழியிலுள்ளார் அதனைக் கேட்டல் இயலாது. ஆயின் வழங்கியினுள் அம்மறை அவிழ்கின்றது. அதாவது, வழங்கியை ஆள்பவன் மனம் வைப்பானாயின் யாவர் பேச்சையும் ஒட்டுக்கேட்டல் கூடும். செயலியின் வழியே ஒருவர் பதிவு செய்தால் ஏனையோர்க்கு அதன் குறி தோன்றும். வேறு கருவியாற் பதிவு செய்வாரைத் தடுக்க வழியில்லை. யார் எப்போது வந்தார், எப்போது போனார் என்னும் பதிவேட்டையும் வழங்கி வைத்துக்கொள்ளும், வேண்டாவெனின் நிறுத்திக்கொள்ளலாம். யான் நிறுத்தினேன், நிறுத்தியதை நண்பர்க்கும் அறிவித்தேன்.

பெரு நிறுவனங்களின் கையில் நம் பேச்சு இருத்தல் ஆகாது என்று கூறித் தனிவழங்கி அமைப்பார் பலர். அவ்வெண்ணத்தில் நியாயம் உண்டு. ஆயின் வழங்கியை வீட்டிற் கொணர்ந்தவுடன் நம்பிக்கை வேண்டாத நிலை பிறந்துவிடுவதில்லை. முன்பு முகமறியாத ஒருவர்மீது வைத்த நம்பிக்கை இப்போது முகமறிந்த ஒருவன்மீது வைக்கப்படுகின்றது. அவ்வளவே வேறுபாடு. முகமறிந்தவன் தவறினால் துன்பம் மிகுதியன்றோ? ஆதலின் புதுமையாக்கங்களைத் தவறாது ஏற்றல், கடவுச்சொல்லைப் பேணுதல், ஒலிவாங்கியை முதலில் அடைத்தே வைத்தல், கேட்கத்தகாததைக் கேளாமை, கேட்டுவிட்டால் உரியவனிடம் மட்டும் கூறிப் பிறரிடம் கூறாமை ஆகிய யாவும் வீட்டுக்குரியவன் கடமைகளாம்.

குறவஞ்சியை விடுமுறை முடிவதற்குள் படித்து முடித்தோம். கல்லூரி திறந்தபின் எண்மரும் ஒரே விடுதியில் இருக்கின்றமையின் மன்றுக்குத் தேவை குறைந்தது. எனினும் கிழமைக்கு ஒருநாள், சனிக்கிழமை இரவு, அது கூடுகின்றது. பாவூர்சத்திரத்திலிருந்து அத்தாயார் மட்டும் தனியே அதனுட் புகுகின்றார். பொத்தானை அழுத்தவும் பழகிவிட்டார். ஒரு பழங்கணினி, ஒரு வாயில், எட்டுக் குரல்கள், இவற்றால் ஒரு சிறு வட்டத்தொட்டியை எவரும் தம் வீட்டில் அமைத்தல் கூடும். அமைத்தற்கு வேண்டிய அறிவு ஓரிரு நாளிற் கைகூடும். காத்தற்கு வேண்டிய பண்பையோ நாள்தோறும் பயிலுதல் வேண்டும்.