தறியோரம் மிளகாய் வைக்கும் பிள்ளைகளுக்கு

ஆரணியைச் சுற்றி, தறி வேலையோடு கொஞ்சம் மிளகாயும் வைக்கலாம் என்று வரும் பிள்ளைகள் முதலில் விதையைப் பற்றிக் கேட்கிறார்கள். கிணற்றைப் பற்றிக் கேளுங்கள்.

1. தண்ணீரை அளந்த பிறகு விதை வாங்குங்கள். வீடுகளில் குடிநீர் மெஷின் பொருத்துகிறவர் கையில் இருக்கும் டி.டி.எஸ். மீட்டரே முதல் பார்வைக்குப் போதும். லிட்டருக்கு 640 மில்லிகிராம் என்று காட்டினால், மண் பரிசோதனைக் கூடத்தில் சொல்லும் மின்கடத்துத் திறன் மீட்டருக்கு ஏறக்குறைய 1 டெசிசீமன்ஸ். அதுவரை மிளகாய் தாங்கும். வேர்மண்ணில் அது 1.5ஐத் தாண்டிவிட்டால், ஏறும் ஒவ்வொரு அலகுக்கும் மகசூல் சுமார் 14 சதவீதம் இறங்கும். 5ஐத் தொட்டால் பாதி போச்சு. கார்த்திகை மழைக்குப் பின் அளந்து சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். சித்திரையில் கிணறு அடிமட்டத்தில் நிற்கும்போது எடுத்த அளவுதான் கணக்கு.

2. மண் ஈரமாக இருந்தும் செடி வாடுகிறதா? நறுக்கிய மாங்காயில் உப்பைத் தூவினால் தண்ணீர் வெளியே வருகிறதே, அதே இழுபறிதான் வேரிலும் நடக்கிறது. தண்ணீர் பக்கத்திலேயே இருக்கும். உப்பு அதை விடாது. வெறும் வறட்சியில் வாடிய செடி தண்ணீர் கண்டதும் நிமிர்ந்துவிடும். உப்புப் பட்ட செடி அப்படி நிமிராது. குட்டையாக நிற்கும், கீழ் இலைகளின் ஓரம் கருகும், பூ கொட்டும். காயின் நுனி தோல்போலக் கருத்துச் சுருங்கினால் அது பூச்சியும் இல்லை, நோயும் இல்லை. சுண்ணாம்புச் சத்து காய்க்குப் போய்ச் சேரவில்லை. சோடியம் குறுக்கே நிற்கலாம், பாய்ச்சல் தாறுமாறாக இருக்கலாம். அதற்கு மருந்துக் கடையில் காசைக் கொட்டாதீர்கள்.

3. உவர் வேறு, களர் வேறு. வெள்ளையாகப் பூத்துக் கிடப்பது உவர். வடிகால் வெட்டி நல்ல தண்ணீரில் அலசினால் இறங்கும். நனைந்தால் சேறாகி, காய்ந்தால் கல்லாக இறுகுவது களர்; கார அமில நிலை 8.5க்கு மேல் போகும். ஜிப்சம் களருக்குத்தான் மருந்து. அதையும் போட்டுத் தண்ணீர் தேக்கி வடித்துவிட வேண்டும். பிறகு தக்கைப்பூண்டு விதைத்து, பூக்கும் தருணத்தில் மடக்கி உழுங்கள். கண்ணால் பார்த்து முடிவு செய்ய வேண்டாம். நம் மாவட்டத்திலேயே கீழ்நெல்லியில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது; போய்க் கேளுங்கள்.

4. இது நம் ஊருக்கென்றே சொல்வது. பட்டு நூலின் பசையை எடுக்கச் சோப்பும் சோடா உப்பும் போட்டு வேகவைக்கிறோம். அந்தச் சோடாவில் இருப்பது சோடியம். அந்தத் தண்ணீர் தொடர்ந்து சேரும் மண் களராகாமல் என்ன செய்யும்? நூல் அலசிய தண்ணீரும் சாயத் தண்ணீரும் ஓடும் கால்வாயை ஒட்டி நிலம் இருந்தால், குத்தகை பேசுவதற்கு முன்பே மண்ணைச் சோதித்துவிடுங்கள். தறியில் உட்கார்ந்து சேர்த்த பணம் அது.

5. ஒரு ஏக்கருக்குத் தண்ணீர் போதாது என்று தெரிந்தால் அரை ஏக்கர் மட்டும் வையுங்கள். பலரும் இதைத்தான் கேட்க மாட்டேன் என்கிறார்கள். இருக்கிற தண்ணீரை ஏக்கர் முழுக்கத் தெளித்தால் மேல்மண் மட்டும் நனையும். வெயில் தண்ணீரை எடுத்துக்கொண்டு உப்பை அங்கேயே விட்டுப்போகும். அடுத்த பாய்ச்சலில் இன்னும் கொஞ்சம் சேரும். அரை ஏக்கரில் வேருக்குக் கீழே இறங்கும்படி பாய்ச்சினால் உப்பும் கூடவே இறங்கும். வைக்கோலோ கரும்புச் சோகையோ மூடாக்குப் போட்டால் ஈரம் இன்னும் நிற்கும்.

6. பாரின் உச்சியில் நடாதீர்கள். வாய்க்காலில் விட்ட தண்ணீர் ஊறி ஏறும்போது உப்பை உச்சியில் கொண்டுபோய்ச் சேர்க்கும். நாற்றைச் சரிவில், தண்ணீர் மட்டத்தை ஒட்டி நடுங்கள். நாற்றங்காலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் தேடிக் கொடுங்கள். இளசுதான் உப்புக்கு முதலில் பலியாகும்.

7. சாம்பல் சத்துக்கு மியூரியேட் பொட்டாஷ் வேண்டாம், அதில் குளோரைடு இருக்கிறது. சல்பேட் பொட்டாஷ் விலை கூடுதல்தான். இருந்தாலும் அதையே வாங்குங்கள்.

8. ராமநாதபுரம் முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடு கிடைத்த பிறகு, அந்த விதையைக் கொண்டுவரலாமா என்று கேட்கிறார்கள். விதையைவிட அந்த ஊர் விவசாயிகளின் பருவத்தைக் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைக்கிறார்கள். மழையே உப்பைக் கீழே தள்ளிக்கொடுக்கிறது. நாமும் அந்த மழையை வரப்பு கட்டி வயலிலேயே நிறுத்த வேண்டும்.

9. சொட்டுநீர் போட்டிருப்பவர்களுக்கு ஒன்று. ஈர வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு ஒதுங்கி நிற்கும். கோடையில் ஒரு தூறல் விழுந்தால் மோட்டாரை நிறுத்தத்தான் கை போகும். நிறுத்தாதீர்கள். அந்தத் தூறல் விளிம்பு உப்பைக் கரைத்து வேருக்குள் தள்ளிவிடும். நல்ல மழை பிடிக்கும்வரை சொட்டு ஓடட்டும்.