முகக்கவசம் யாருக்காக?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – விலங்கியல்)

பேசும்போது நம் வாயிலிருந்து சொற்கள் மட்டுமா வெளிவருகின்றன? கண்ணுக்குப் புலப்படாத எச்சில் துளிகளும் உடன் வருகின்றன. 1897ஆம் ஆண்டில் ஜெர்மானிய அறிஞர் கார்ல் ஃபிளூகே, சாதாரணமாகப் பேசும்போதுகூடக் கிருமிகள் நிறைந்த துளிகள் காற்றில் பரவுகின்றன என்று ஆய்ந்து காட்டினார். அதே ஆண்டில் பிரெஸ்லவ் நகரில் அவருடன் பணியாற்றிய அறுவை மருத்துவர் மிக்குலிச், மெல்லிய வலைத்துணியை வாயில் கட்டிக்கொண்டு அறுவை செய்யத் தொடங்கினார். ஈண்டு நாம் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. துணியைக் கட்டியவர் மருத்துவர். அதனால் காக்கப்பட்டவரோ மேசைமேல் படுத்திருந்த நோயாளி.

பின்னர் 1910ஆம் ஆண்டின் இறுதியில் மஞ்சூரியாவில் நுரையீரல் பிளேக் பரவியது. அதனை ஒடுக்க அனுப்பப்பட்ட வூ லியென்-தே, பினாங்கில் பிறந்து கேம்பிரிட்ஜில் பயின்ற இளம் மருத்துவர். எலியும் தெள்ளுப்பூச்சியுமே பிளேக்கைப் பரப்பும் என்று பிறர் நம்பியிருந்த வேளையில், இந்நோய் மூச்சின் வழியே ஆளுக்கு ஆள் தாவுகிறது என்று அவர் துணிந்து கூறினார். பஞ்சும் வலைத்துணியும் கொண்ட முகக்கவசத்தை அனைவரும் அணிய வேண்டுமென்றார். மெனி என்னும் மூத்த பிரெஞ்சு மருத்துவர் அதனை ஏற்கவில்லை. கவசமின்றியே நோயாளிகளைப் பார்த்தார். 1911 ஜனவரியில் அதே பிளேக்கினால் மாண்டார். அந்நோய்க்கு ஏறத்தாழ 60,000 பேர் பலியாயினர்.

“துணியின் ஓட்டை பெரியது, வைரஸோ மிகச் சிறியது, கொசுவலையால் தூசியைத் தடுக்க முடியுமா?” என்று விடுதி நண்பர்கள் என்னை மடக்குவதுண்டு. நல்ல கேள்விதான். கொரோனா வைரஸின் அளவு சுமார் 0.1 மைக்ரோமீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு. ஆனால் அது தனியே வருவதில்லை, துளிக்குள் அமர்ந்து வருகிறது. துணியும் வெறும் சல்லடை அன்று. பேருந்து வளைவில் திரும்பும்போது நாம் ஒருபுறம் சாய்ந்து விழுகிறோமல்லவா? அவ்வாறே, நூலிழையைச் சுற்றிக் காற்று வளைந்து செல்லும்போது பெரிய துளி வளைய இயலாமல் இழையின்மீது மோதி ஒட்டிக்கொள்கிறது. மிக நுண்ணிய துகள்களோ பிரௌனியன் இயக்கத்தால் அங்குமிங்கும் அலைந்து இழையில் சிக்குகின்றன. இரண்டுக்கும் இடைப்பட்ட 0.3 மைக்ரோமீட்டர் அளவினவே பிடிபட மிகவும் அரியவை. எனவேதான் என்-95 கவசத்தை அந்த அளவுத் துகள்களைக் கொண்டு சோதிக்கிறார்கள். அவற்றில் 95 விழுக்காட்டையேனும் அது தடுக்க வேண்டும்.

இனி, பிறரைக் காப்பது எவ்வாறு என்று காண்போம். வாயைவிட்டு வெளிவரும்போது துளி ஈரமாகவும் பெரிதாகவும் இருக்கிறது. சிறிய துளிகள் காற்றில் கலந்த சில நொடிகளுக்குள் உலர்ந்து சுருங்கி மிதக்கத் தொடங்கிவிடுகின்றன. ஆதலால் புறப்படும் இடத்தில் பிடிப்பது எளிது. எதிரில் இருப்பவரின் மூக்கருகே பிடிப்பது கடினம். கொரோனா கண்டவர், அறிகுறி தோன்றுவதற்கு ஓரிரு நாள் முன்னரே நோயைப் பரப்பக்கூடும். “எனக்கொன்றுமில்லையே” என்பவரையும் 2020இல் கவசம் அணியச் சொன்னதற்கு இதுவே காரணம். உலக நலவாழ்வு நிறுவனமும் அந்த ஆண்டு ஜூன் மாதத்தில்தான் பொதுமக்களுக்கு இதனை அறிவுறுத்தியது. சற்றுக் காலந்தாழ்த்திய அறிவுரை என்பது என் கருத்து.

எங்கள் ஊரில் என் பாட்டனார் காலத்தில், பண்ணையார்முன் மேல்துண்டால் வாயைப் பொத்திக்கொண்டுதான் பேச வேண்டுமாம். தாழ்ந்தவன் மூச்சு மேலே படக்கூடாதாம்! பண்ணையார் மட்டும் வாயைத் திறந்தே பேசுவாராம். இதைக் கேட்டு வளர்ந்தவனுக்கு ‘வாயை மூடு’ என்றால் கசக்கத்தான் செய்யும். ஆனால் ஃபிளூகேயின் துளிகள் எல்லார் வாயிலிருந்தும் தெறிக்கின்றன. கொரோனாக் காலத்தில் மாவட்ட ஆட்சியரும் கவசம் அணிந்தார், துப்புரவுப் பணியாளரும் அணிந்தார். பாட்டனாரின் துண்டையும் இதனையும் ஒன்றாக எண்ண எனக்கு மனமில்லை.

ஈராண்டுகளுக்கு முன் என் தந்தையாருக்குக் காசநோய் கண்டது. கவசம் அணிந்துகொண்டு பேருந்தில் ஏறினால் பக்கத்து இருக்கை காலியாகவே இருக்கும். பிறருக்காக அவர் கட்டிய துணியே அவரைப் பிறர் ஒதுக்க அடையாளமாயிற்று. அம்மாவும் நானும் கட்டிக்கொண்டு உடன் சென்றோம். மூவரில் நோயாளி யாரென்று யாருக்குத் தெரியும்? உறவினர் சிலர் அவரை வெளியூர் மருத்துவமனையில் விட்டுவிடச் சொன்னார்கள். 1956இல் சென்னையில் தொடங்கப்பட்ட காசநோய் மருந்தாய்வு நிலையம், வீட்டிலிருந்தே மருந்துண்பவரால் குடும்பத்தாருக்குக் கூடுதல் ஆபத்தில்லை என்று அப்போதே மெய்ப்பித்துவிட்டதை அவர்களுக்கு எடுத்துச் சொன்னேன். பாதி நம்பினார்கள். சன்னல்களைத் திறந்துவைத்தோம், ஆறு மாதம் மாத்திரை தவறவில்லை.

மருத்துவமனையில் நான் கண்ட ஒரு வேறுபாட்டையும் கூறிவிடுகிறேன். அப்பாவுக்குக் கொடுத்தது சாதாரண மூன்றடுக்குக் கவசம்; அவரைக் கவனித்த செவிலியர் அணிந்ததோ முகத்தோடு இறுகப் பொருந்தும் என்-95. துளி புறப்படும் இடத்தைத் தடுக்க முன்னது போதும். உலர்ந்து மிதக்கும் துகள்களை நாள் முழுவதும் சுவாசிக்க நேரும் செவிலியருக்கோ, ஓரங்களில் காற்றொழுகும் அக்கவசம் போதாது.