வந்ததும் கூப்பிடு

அப்பாவின் பாத்திரக் கடை திருவண்ணாமலை தேரடித் தெருவில். கணக்கு முழுவதும் லினக்ஸ் போட்ட ஒரு லேப்டாப்பில் இருக்கிறது. பகலில் அது கடை வைஃபையில், இரவில் வீட்டு வைஃபையில், கரண்ட் போனால் அப்பாவின் செல்போன் ஹாட்ஸ்பாட்டில் ஓடும். சென்னையில் இருந்தபடி அதைப் பராமரிப்பது என் பொறுப்பு. இடம் மாறும் கணினிக்குள் பத்திரமாக நுழைய நான் பட்டுத் தெரிந்துகொண்டவை இவை.

முதலில் வீட்டு ரௌட்டரில் தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்ஹெச்சுக்கான 22ஆம் போர்ட்டைத் திறந்துவிட்டேன். மறுநாள் லாகைப் பார்த்தால், 'ரூட்', 'அட்மின்' என்று பெயர் போட்டு எங்கெங்கிருந்தோ கடவுச்சொல்லை முயன்று பார்த்திருந்தார்கள். எங்கள் கடவுச்சொல்லோ கடைப்பெயரும் ஒரு வருடமும்தான். பதறிப்போய் அன்றே மூடினேன். அந்த வழி ஹாட்ஸ்பாட்டுக்கும் உதவவில்லை. செல்போன் இணைப்பில் பெரும்பாலும் பலருக்குச் சேர்த்து ஒரே பொது முகவரிதான். வெளியிலிருந்து நேராக உள்ளே வர முடியாது.

கிரிவலம் போனவர் இந்திர லிங்கத்தில் இருக்கிறாரா, வாயு லிங்கத்தில் இருக்கிறாரா என்று 14 கிலோமீட்டரும் தேடி அலைய முடியாது. "வந்ததும் கூப்பிடு" என்றுதான் சொல்லி அனுப்புவோம். லேப்டாப்புக்கும் அதையே செய்தேன். நிலையான முகவரி உள்ள சிறிய சர்வர் ஒன்றை வாடகைக்கு எடுத்து, அதிலும் லேப்டாப்பிலும் என் கணினியிலும் வயர்கார்டு என்ற விபிஎன் மென்பொருளை நிறுவினேன். எந்த வைஃபையில் இருந்தாலும் லேப்டாப்பே சர்வரைக் கூப்பிடும். வயர்கார்டுக்குள் அதற்கு மாறாத ஒரு தனி முகவரி. இணைப்பு விழித்தே இருக்க 25 விநாடிக்கு ஒரு சிறு செய்தி போகும்படி வைத்தேன்.

அடுத்து, கடவுச்சொல் நுழைவை நிறுத்திவிட்டு, சாவிக் கோப்பு இருந்தால் மட்டும் உள்ளே விடும்படி செய்தேன். ரூட் நுழைவையும் அடைத்தேன். பின்லாந்தில் தன் பல்கலைக்கழக வலையமைப்பில் கடவுச்சொற்கள் ஒட்டுக்கேட்கப்பட்டதால்தான் 1995இல் தத்து யூலோனென் எஸ்எஸ்ஹெச்சையே எழுதினார்.

எஸ்எஸ்ஹெச் வயர்கார்டு முகவரியில் மட்டும் காத்திருக்கட்டும் என்று எழுதியது என் தவறு. ஒருநாள் லேப்டாப் எழும்போது வயர்கார்டு தாமதமாக வந்தது. முகவரி இல்லாததால் எஸ்எஸ்ஹெச் எழவே இல்லை. இரவு பஸ் பிடித்து ஊருக்குப் போய்ச் சரிசெய்தேன். எல்லா முகவரியிலும் காத்திருக்க விட்டு, வயர்கார்டு வழியாக வருவதை மட்டும் ஃபயர்வாலில் அனுமதிப்பதே நல்லது. அமைப்பை மாற்றும்போது பழைய இணைப்பை மூடாதீர்கள். இன்னொரு ஜன்னலில் புதிதாக நுழைந்து பார்த்த பிறகே மூடுங்கள்.

முதல் முறை நுழையும்போது கணினி தன் அடையாளமாகக் காட்டும் கைரேகை வரிசையை யோசிக்காமல் ஏற்காதீர்கள். அப்பா அங்கே திரையில் பார்த்து, "எழுதிக்கோடா" என்று ஒவ்வொரு எழுத்தாகப் போனில் வாசித்தார். நான் ஒப்பிட்ட பிறகுதான் 'யெஸ்' அடித்தேன். பின்னாளில் கைரேகை மாறியதாக எச்சரிக்கை வந்தால், காரணம் தெரியும்வரை நுழையவே கூடாது.

லேப்டாப் தொலைந்தாலும் கணக்கு வெளியே போகாதபடி வட்டு முழுவதையும் குறியாக்கம் செய்துவைத்திருக்கிறேன். தொலைந்த அன்றே சர்வரில் அதன் சாவியை நீக்கிவிடலாம்.

தீபத்தன்று ஊர் நிறையக் கூட்டம். ஹாட்ஸ்பாட் விட்டு விட்டு வந்தது. பேக்கப்பை லேப்டாப்பில் டீமக்ஸ் என்ற நிரலுக்குள் ஓடவிட்டிருந்ததால், என் இணைப்பு அறுந்தும் வேலை நிற்கவில்லை. லேப்டாப் எந்த வைஃபையில் இருக்கிறது என்று அப்பாவிடம் இப்போது நான் கேட்பதே இல்லை.