‘கூடினால் கூடும்’ என்று எழுதினால் போதுமா?
நேர் விகிதமும் வியாபார ஆங்கிலமும்

நம்மில் பலரும் பள்ளிப்படிப்போடு கல்லாவுக்கு வந்து உட்கார்ந்தவர்கள். ஆனாலும் கணக்கில் நம்மை எளிதில் ஏமாற்ற முடியாது. கிலோ 140 ரூபாய் என்றால் முக்கால் கிலோ 105 என்று பேப்பர், பேனா இல்லாமலே வாய் சொல்லிவிடும். அதே கணக்கை ஆங்கிலக் கடிதத்தில் ஒரு வரியாக எழுதும்போதுதான் சறுக்கிவிடுகிறோம். நாம் சறுக்கிய கதையையே முதலில் சொல்லிவிடுகிறோம்.

1996-ல் திருவிடைமருதூரில் நம் மண்டிக்கு வெளிமாவட்டத்து ஆலை ஒன்றிலிருந்து 75 கிலோ மூட்டையாக 100 மூட்டை அரிசி வாங்கினோம். மொத்தம் 75 குவிண்டால். நொய் 5 சதம் வரை ஏற்றுக்கொள்வது, அதற்கு மேல் ஒவ்வொரு சதத்துக்கும் குவிண்டாலுக்கு 10 ரூபாய் கழிப்பது என்று போனில் பேச்சு. கடிதத்தில் வந்ததோ, “இஃப் தி புரோக்கன்ஸ் ஆர் மோர், தி டிடக்‌ஷன் வில் ஆல்சோ பி மோர்” என்ற ஒரே வரி. நொய் கூடினால் கழிவும் கூடும் என்று பொருள். சரியாகத்தானே இருக்கிறது என்று நாமும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

லாரி வந்தது. மாதிரி எடுத்துப் பார்த்தால் நொய் 12 சதம். கூடுதல் 7 சதம். குவிண்டாலுக்கு 70 வீதம் 75 குவிண்டாலுக்கு 5,250 ரூபாய் கழிய வேண்டும். ஆலைக்காரர்கள் குவிண்டாலுக்கு 20 ரூபாய் வீதம் 1,500 மட்டும் கழித்தார்கள். கேட்டதற்கு, “கழிவு கூடியிருக்கிறதே, கடிதத்தில் உள்ளபடிதானே செய்திருக்கிறோம்” என்றார்கள். அந்தக் கடிதத்தை வைத்துக்கொண்டு நம்மால் மறுத்துப் பேச முடியவில்லை. 3,750 ரூபாய் போயிற்று. வீதம் எழுதாத கடிதத்தில் கையெழுத்திட்ட தவறு நம்முடையது.

நேர் விகிதம் என்றால் என்ன?

இரண்டு அளவுகள் ஒரே வீதத்தில் சேர்ந்து ஏறி, சேர்ந்து இறங்கினால் அது நேர் விகிதம். கி.பி. 499-ல் எழுதப்பட்ட ஆரியபட்டீயத்தில் ‘திரைராசிகம்’ என்ற பெயரில் இந்தக் கணக்கு இருக்கிறது. மூன்று எண்களைக் கொண்டு நான்காவதைக் காண்பது அது. ஐரோப்பிய வியாபாரிகள் இதன் பயனைப் பார்த்துத் ‘தங்க விதி’ என்றே பெயர் வைத்தார்கள். தமிழில் காரிநாயனாரின் கணக்கதிகாரமும் இவ்வகைக் கணக்குகளைச் சொல்கிறது. பன்னிரண்டு மரக்கால் ஒரு கலம் என்று அளந்த நம் டெல்டாவுக்கு இது புதிதல்ல.

நேர் விகிதமா என்று அறிய இரண்டு கேள்விகள் போதும்.

1. ஒன்று இரட்டித்தால் மற்றதும் இரட்டிக்கிறதா?
2. ஒன்று பூஜ்யமானால் மற்றதும் பூஜ்யமாகிறதா?

இரண்டுக்கும் ‘ஆம்’ வர வேண்டும். மூட்டைக்கு இவ்வளவு என்று பேசிய இறக்குகூலி நேர் விகிதம்; மூட்டை இல்லை என்றால் கூலியும் இல்லை. லாரி வாடகையைப் பாருங்கள். அடிப்படை 800 ரூபாய், மேலே கிலோமீட்டருக்கு 25 என்று பேசினால் 10 கிலோமீட்டருக்கு 1,050, 20 கிலோமீட்டருக்கு 1,300. தூரம் இரட்டித்தது, வாடகை இரட்டிக்கவில்லை. கூடுகிறது, ஆனால் நேர் விகிதம் அல்ல.

ஆங்கிலத்தில் எந்தச் சொல் எதைச் சொல்கிறது?

1. “தி மோர்... தி மோர்...” இது கூடினால் அதுவும் கூடும், அவ்வளவுதான். எவ்வளவு என்று சொல்லாது. விளம்பரத்துக்கு உதவும், ஒப்பந்தத்துக்கு உதவாது.

2. “தி மோர்... தி லெஸ்...” ஒன்று கூடினால் மற்றது குறையும். ஆள் கூடினால் நேரம் குறைவது போல. இது நேர் விகிதமே அல்ல.

3. “இன் ப்ரபோர்ஷன் டு”, “ப்ரோ ரேட்டா”. இவை உண்மையான விகிதாசாரச் சொற்கள். வீதப்படி, பங்குப்படி என்று பொருள். மாத வாடகை 6,000 என்றிருக்க, 30 நாள் மாதத்தில் 10 நாள் மட்டும் கிடங்கு எடுத்தால் ‘ப்ரோ ரேட்டா’ வாடகை 2,000.

4. “அட் தி ரேட் ஆஃப்”, “பெர்”. வீதத்தை எண்ணாகவே போட்டுவிடும் சொற்கள். நமக்கு உற்ற துணை இவைதான்.

தவறு நேரும் இடங்கள்

நெல் ஈரப்பதம்: அரசு கொள்முதலில் 17 சதம் வரை என்பது பொது விதி. ஆகவே ஈரம் நமக்குத் தினப்படிப் பேச்சு. 20 சத ஈரமுள்ள 100 கிலோ நெல்லை 14 சதத்துக்குக் காயவைத்தால் எவ்வளவு நிற்கும்? 6 சதம் குறைந்தது, ஆகவே 94 கிலோ என்று சொல்லத் தோன்றும். அது தவறு. 100 கிலோவில் தண்ணீர் 20, காய்ந்த சரக்கு 80. காய்ந்த பிறகு அந்த 80 கிலோதான் 86 சதமாக நிற்கிறது. 80-ஐ 0.86-ஆல் வகுத்தால் 93.02 கிலோ. குவிண்டாலுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ வித்தியாசம். 100 குவிண்டாலில் 98 கிலோ நெல் கணக்கிலேயே காணாமல் போகும்.

அரிசிப் பை: 2022 ஜூலை 18 முதல் 25 கிலோ வரையிலான, பையிலிட்டு லேபிள் ஒட்டிய அரிசிக்கு 5 சத ஜி.எஸ்.டி. வந்தது. உடனே 26 கிலோ பைகள் கடைகளுக்கு வந்துவிட்டன. ஒரு கிலோ தாண்டியதும் வரி மாறுகிறது என்றால் அங்கே எடைக்கும் வரிக்கும் நேர் விகிதம் இல்லை, படிக்கட்டுதான். இப்படிப்பட்ட இடங்களில் வாய்க்கணக்கை நம்பாமல் ஆடிட்டரைக் கேளுங்கள்.

பாக்கெட் விலை: 100 கிராம் மஞ்சள்தூள் 42 ரூபாய், 500 கிராம் 195 ரூபாய் என்று வையுங்கள். கிராமுக்கு முன்னது 42 காசு, பின்னது 39 காசு. வாடிக்கையாளர் கேட்டால் இந்த ஒரு கணக்கைச் சொல்லுங்கள். அவர் நம்மை நம்பி வருவார்.

இனி எப்படி எழுதுவது?

நம் பழைய கடிதத்தை இன்று எழுதினால் இப்படி எழுதுவோம்: “தி டிடக்‌ஷன் ஷல் பி அட் தி ரேட் ஆஃப் டென் ருபீஸ் பெர் குவிண்டால் ஃபார் எவ்ரி ஒன் பெர்சென்ட் ஆஃப் புரோக்கன்ஸ் அபவ் ஃபைவ் பெர்சென்ட், ஃப்ராக்‌ஷன்ஸ் ப்ரோ ரேட்டா.”

இதில் ‘அபவ் ஃபைவ் பெர்சென்ட்’ என்பதை விட்டுவிடாதீர்கள். நொய் 10 சதமானால் கழிவு 50 ரூபாய். 20 சதமானால் 150 ரூபாய், 100 அல்ல. ஏனென்றால் கழிவு மொத்த நொய்க்கு நேர் விகிதத்தில் இல்லை, ஐந்துக்கு மேற்பட்ட நொய்க்குத்தான் நேர் விகிதத்தில் இருக்கிறது. கடைசியில் வரும் ‘ஃப்ராக்‌ஷன்ஸ் ப்ரோ ரேட்டா’வும் முக்கியம். நொய் 7.5 சதமானால் அரைச் சதத்துக்கும் 5 ரூபாய் சேர்த்து 25 ரூபாய் கழியும். அது இல்லாவிட்டால் அரைச் சதத்துக்காக ஒரு தகராறு.

கையெழுத்துப் போடுமுன் மூன்றைப் பாருங்கள்: வீதம் எண்ணில் இருக்கிறதா, எந்த அளவிலிருந்து தொடங்குகிறது, சில்லறைப் பின்னத்துக்கு என்ன வழி. முடிந்தால் கடிதத்தின் அடியில் ஓர் உதாரணக் கணக்கையும் போட்டு வாங்குங்கள். ஆங்கிலம் தெரியவில்லையே என்று கூச்சப்பட வேண்டாம். தமிழில் எழுதினாலும் இதே விதிதான். போனில் பேசிய எண் கடிதத்திலும் இருந்திருந்தால் நமக்கு அந்த 3,750 ரூபாய் போயிருக்காது. உங்களுக்குப் போகாமல் இருக்கட்டும் என்பதற்காகவே இதை எழுதினோம்.