எந்தப் படை வரலாற்றை வாங்குவது?

யுத்த சரித்திரத்தில் பற்றுள்ள புதுக்கோட்டை வாசகர் ஒருவர், தம் வீட்டு அலமாரியில் நிரந்தரமாக வைத்துக்கொள்ளத்தக்க விரிவான ஆதார நூல் ஒன்றை வாங்க விரும்பிப் புத்தகக் கடையில் விசாரித்தாரானால், அவர் முன் முதலில் வந்து விழுவது உலகத்துப் போர்களையெல்லாம் ஒரே கட்டுக்குள் அடக்கிய ஓர் ஆங்கிலக் கலைக்களஞ்சியமாகவே இருக்கும். 1970இல் டுப்புய் என்னும் தந்தையும் மகனும் சேர்ந்து வெளியிட்ட, கி.மு. 3500இல் தொடங்கும் பெருநூல் இவ்வகைக்குச் சிறந்த உதாரணம். காலப் பகுதி ஒவ்வொன்றுக்கும் முதலில் ஆயுதங்களையும் வியூகங்களையும் பற்றிய பொதுவான விமரிசனத்தைத் தந்து, அதன் பின்னரே பிரதேசவாரியாகச் சம்பவங்களை அடுக்கும் அதன் அமைப்பு மெச்சத்தக்கது. திருச்சிராப்பள்ளிக் கோட்டையின் கீழ் 1751 முதல் 1754 வரை ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஒருவரையொருவர் சுட்டுக்கொண்டிருந்த காலத்தில், ஐரோப்பாவில் அவ்விரு ராஜ்யங்களும் சமாதானமாகவே இருந்தன என்ற விசித்திரத்தை, ஆஸ்திரியப் பட்டத்துரிமைப் போர் 1748இல் முடிந்ததையும் ஏழாண்டுப் போர் 1756இல் தொடங்கியதையும் அருகருகே வைத்துக் காட்டும் இத்தகைய நூலே ஒரு நொடியில் விளக்கவல்லது. ஆனால் அந்தச் சண்டைகளின்போது வெள்ளைக்காரச் சிப்பாய்க்குச் சோறு எங்கிருந்து வந்தது என்று கேட்டால், அதற்கு உலகக் களஞ்சியத்திடம் விடையை எதிர்பார்க்கலாகாது.

அந்தக் கேள்வியைத்தான் நான் படை வரலாற்று நூல்களுக்கெல்லாம் உரைகல்லாகக் கொள்கிறேன். நம் பக்கத்துப் போர்களில் பீரங்கியைக் காட்டிலும் நெல்லும் ஆடுமாடுமே அதிகம் தீர்மானித்தன. புதுக்கோட்டைச் சமஸ்தானம் சரித்திரத்தில் பெற்ற இடமும் பெரும்பாலும் அவற்றால் பெற்றதே.

இந்த உரைகல்லில் எதிர்பாராத விதமாகத் தேறுகிறவர் ராபர்ட் ஓர்ம். அஞ்சுதெங்கில் 1728இல் பிறந்து, சென்னைக் கவுன்சிலில் அங்கம் வகித்து, பின்னர் கிழக்கிந்தியக் கம்பெனியின் சரித்திர ஆசிரியராக நியமனம் பெற்ற அவர், இந்துஸ்தானத்தில் பிரிட்டிஷ் ஜாதியார் நடத்திய படைக் காரியங்களை 1763இலும் 1778இலும் வெளியான பாகங்களில் எழுதிவைத்தார். 1753இல் திருச்சிக் கோட்டையைக் காத்துவந்த ஆங்கிலேய அதிகாரி டால்ட்டன், களஞ்சியத்தில் மாதக் கணக்கில் தானியம் இருப்பதாக நம்பியிருந்தபோது, ஆர்க்காட்டு நவாபின் உறவினர் அதைக் கொள்ளை விலைக்கு விற்றுத் தீர்த்துவிட்டதையும், மிகச் சில நாட்களுக்கே உணவு மிஞ்சியிருப்பதையும் கண்டு திகைத்த கட்டத்தை ஓர்ம் விவரிக்கும் விதத்தில், ஒரு கணக்குப்பிள்ளையின் நிதானமும் நாடகாசிரியனின் சாமர்த்தியமும் கலந்திருக்கின்றன. புதுக்கோட்டையை ஆண்ட தொண்டைமானின் சீமைக் காடுகளின் வழியாக இரவில் நகர்ந்த பொதிமாட்டு வரிசைகளும், 1754 பிப்ரவரியில் அத்தகைய வரிசை ஒன்றுக்குக் காவலாக வந்த கிரெனேடியர் படை மைசூர்க் குதிரைகளிடமும் பிரெஞ்சுக்காரரிடமும் சிக்கி அழிந்ததும், அதே ஆண்டு பிரெஞ்சுத் தளபதி தொண்டைமானைத் தண்டிக்கவென்று புகுந்து, குடிகள் ஆடுமாடுகளோடு அடர்ந்த காட்டுக்குள் போய்விட்டபடியால் ஆளற்ற கிராமங்களையே கொளுத்த நேர்ந்ததும் அங்கே விஸ்தாரமாக உள்ளன. ஓர்மின் கதை 1761இல் நின்றுவிடுகிறது. நம்மவர் அவருக்குச் சகாயம் செய்வோராகவோ துரோகம் செய்வோராகவோ மட்டுமே தென்படுகின்றனர். குடிகள் ஏன் தொண்டைமானுக்காக ஆயுதம் எடுத்தார்கள் என்ற சிந்தனை அவருக்கு எழவேயில்லை.

ஓர்ம் விட்ட இடத்திலிருந்து தொடர விரும்புவோர்க்கு, 1746 முதல் 1826 வரையிலான சென்னைப் படையின் வரலாற்றைக் கர்னல் வில்சன் 1882 முதல் சில பாகங்களில் அச்சிட்டிருக்கிறார். ரெஜிமெண்டுகளின் பிறப்பு, பெயர் மாற்றம், கலைப்பு ஆகியவற்றைத் தேடுகிறவருக்கு இதற்கு நிகரான நூல் இல்லை. மற்றவருக்கு இது மருந்துபோலத்தான் இறங்கும். அதைவிடச் சுவையானது ஜேம்ஸ் வெல்ஷ் 1830இல் வெளியிட்ட படை நினைவுகள். ஈட்டி எறியவும் வளரி வீசவும் தமக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்தவர் சின்ன மருது என்றும், அவரையே பின்னர் வேட்டையாட நேர்ந்தது என்றும் அந்த அதிகாரி வெட்கத்தோடு ஒப்புக்கொள்ளும் பக்கத்தை ஒருமுறை படித்தவர் மறக்கமாட்டார். ஆயினும் அது நினைவுக் குறிப்பேயன்றி ஆதார நூலாகாது.

இனி, நம் சமஸ்தானமே தயாரித்த நூல்கள். ராதாகிருஷ்ண ஐயர் 1916இல் எழுதிய பொது வரலாறு, தொண்டைமான்களின் யுத்தங்களையும் கம்பெனியோடு நடந்த கடிதப் போக்குவரத்தையும் ஆசையோடு தொகுத்தது. கே. ஆர். வேங்கடராம ஐயரின் சமஸ்தான மானுவல் 1938, 1940, 1944 ஆகிய ஆண்டுகளில் பகுதி பகுதியாக வெளிவந்தது. இரண்டில் ஒன்றைத்தான் வாங்க இயலும் என்றால், தயங்காமல் மானுவலையே வாங்கவேண்டும் என்பது என் அபிப்பிராயம். அதன் கடைசிப் பகுதி ஆலங்குடி, குளத்தூர், திருமெய்யம் என்ற மூன்று தாலுகாக்களின் ஊர்களையும் தனித்தனியே எடுத்துச் சொல்வதால், ஓர்ம் உருத்தெரியாமல் எழுதிவைத்த இடப்பெயர்களை நம் ஊர்களோடு பொருத்திப் பார்க்க அதுவே சாவி. படைச் சேவகத்துக்காக நிலம் பெற்ற அமரக்காரர்கள், அவர்களுக்கு மேலிருந்த சேர்வைக்காரர்கள், அந்த மானியங்கள் பிற்காலத்தில் அடைந்த கதி ஆகியவற்றை வரி, பாசனம், குடியிருப்பு முதலிய அத்தியாயங்களோடு சேர்த்துப் படிக்கும்போதுதான், சிப்பாய்க்குச் சம்பளக் கஜானா இல்லாத ஒரு சிறு ராஜ்யம் சைனியம் திரட்டிய விதம் புலப்படும். இதே விஷயத்தை நிக்கலஸ் டர்க்ஸ் 1987இல் கேம்பிரிட்ஜ் வெளியிட்ட தம் ஆய்வில் இன்னும் ஆழமாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார். நடை கடினம், பொறுமையுள்ளவர்க்கே உகந்தது.

மானுவலிடமும் எச்சரிக்கை தேவை. அரண்மனைச் செலவில் எழுதப்பட்ட நூல் அரண்மனையின் கண்ணாலேயே பார்க்கும். 1799இல் பாஞ்சாலங்குறிச்சி வீழ்ந்தபின் வடக்கே தப்பி வந்த கட்டபொம்மன், திருக்களம்பூர்க் காட்டுப் பக்கத்தில் தொண்டைமானின் ஆட்களிடம் அகப்பட்டு, கம்பெனியிடம் ஒப்புவிக்கப்பட்டு, அக்டோபர் 16ஆம் தேதி கயத்தாறில் தூக்கிலிடப்பட்ட சம்பவமே இதற்குப் பரீட்சை. சமஸ்தான நூல்களுக்கு அது நட்புக் கடமை, ம.பொ.சி. போன்றோர்க்கு அது மன்னிக்கவொண்ணாத துரோகம். 1971இல் தென்னிந்தியக் கிளர்ச்சியைப் பற்றி எழுதிய ராஜய்யனுக்கு அது பாளையக்காரர்களின் பெரிய எழுச்சி ஒன்றின் முன்னுரை. கம்பெனிக்குச் செய்த சகாயங்களுக்காகக் கீழாநிலைக் கோட்டை 1803இல் தொண்டைமானுக்குக் கிடைத்தது. அதற்கு ஆண்டுதோறும் ஒரு யானையைக் கப்பமாகக் கொடுக்கவேண்டும் என்று விதித்த கம்பெனி, ஒரு யானையையும் வாங்காமலே 1836இல் அதைத் தள்ளுபடி செய்தது. ஆகவே மானுவலின் பக்கத்திலேயே ராஜய்யனும் இருக்கவேண்டும். தமிழில் மட்டும் படிப்பவர்க்கு, அருங்காட்சியகக் காப்பாட்சியராக இருந்த ராஜா முகமதுவின் புதுக்கோட்டை மாவட்ட வரலாறு கையடக்கமான நல்ல துணை.

திருமெய்யம் கோட்டைக்கு ‘ஊமையன் கோட்டை’ என்று ஒரு பெயர் வழங்குகிறதல்லவா? கடையில் நின்றபடியே ஒரு நூலைச் சோதிக்க இது நல்ல உபாயம். 1687இல் கிழவன் சேதுபதி கட்டிய கோட்டை அது என்பதையும், கட்டபொம்மனின் தம்பி ஊமைத்துரை 1801 பிப்ரவரியில் தப்பியது பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து என்பதையும் பிரித்துச் சொல்லாமல், ஜனங்களின் வாய்மொழியை அப்படியே சரித்திரமாக்கியிருக்கும் நூலைத் திரும்ப வைத்துவிடலாம்.

தொண்டைமான்களுக்கு முற்பட்ட காலத்தில் ஈடுபாடுள்ளவர்க்கு மேற்சொன்ன எவையும் போதா. கொடும்பாளூர் மூவர் கோயில் கல்வெட்டில் இருக்குவேளிர் தம் முன்னோரின் வெற்றிகளை அடுக்கியிருப்பதையும், பிற்காலத்தில் படையெடுப்பாலும் கொள்ளையாலும் நலிந்த ஊரார் தம் பாடிகாவல் உரிமையை ஆயுதபலமுள்ள தலைவர்களுக்கு விற்றுக்கொடுத்த பத்திரங்களையும், 1929இல் சமஸ்தானம் வெளியிட்ட கல்வெட்டு மூலங்களிலும் 1941, 1946ஆம் ஆண்டுகளில் வந்த ஆங்கில மொழிபெயர்ப்பிலுமே காணவேண்டும். பாதுகாப்புக்காக ஒரு கிராமம் கொடுத்த விலை இன்னதென்று கல்லே சொல்லும்போது, தளபதிகளின் கடிதங்கள் சற்று வெளிறித்தான் தோன்றுகின்றன.

பணம் கொடுக்குமுன், திருக்கோகர்ணத்தில் உள்ள ஞானாலயா நூலகத்துக்குப் போய்ப் பழைய பதிப்புகளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. ஓர்ம், வில்சன், வெல்ஷ் மூவரும் உரிமைக்காலம் கடந்தவர்களாதலால் இணைய நூலகங்களில் விலையின்றியே கிடைக்கின்றனர். அவற்றுக்குச் செலவழிக்கும் தொகையை மானுவலுக்கும் ராஜய்யனுக்கும் ஒதுக்கலாம். ஓர்மின் மறுபதிப்பு ஒன்றைத்தான் விரும்புகிறோம் என்போர், அட்டையையும் தாளையும் பார்ப்பதற்கு முன், திருச்சிராப்பள்ளிச் சுற்றுப்புறத்தின் படம் உள்ளே இருக்கிறதா என்று பார்க்கட்டும். மூலநூலில் மடித்துச் சேர்க்கப்பட்ட படங்களை விரிக்காமலே நகலெடுத்த பிரதிகள் ஏராளமாக உலவுகின்றன, அந்தப் படமின்றி முற்றுகையின் கதையைத் தொடர்வது இயலாத காரியம்.