புகைக்குப் பதில் நிகோடின் கம்

ஏற்காட்டுக் குளிருக்கு ஒரு காபி, கூடவே ஒரு சிகரெட் என்று பழகியவர்களா நீங்கள்? அடிமையாக்குவது நிகோடின், நுரையீரலையும் இதயத்தையும் பாழாக்குவதில் பெரும்பங்கு புகைக்குத்தான். அந்த ஏக்கத்தை நிகோடின் கம் கொண்டு தணித்து, படிப்படியாக அதையும் விட்டுவிடலாம்.

2 மி.கி. கம் மருந்துக் கடையில் சீட்டில்லாமலே கிடைக்கும். 4 மி.கி.க்கு டாக்டர் சீட்டு வேண்டும். மலையேறும் முன்பே சேலத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

மிட்டாய் போல மென்று தள்ளாதீர்கள். மெதுவாக மெல்லுங்கள், மிளகுக் காரம் தெரிந்ததும் கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்குங்கள். காரம் அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். ஒரு கம் அரைமணி நேரம் வரும். அவசரப்பட்டால் விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம்.

காபித் தோட்டத்து ஊரில் இதுதான் முக்கியம்: காபி குடித்து 15 நிமிடமாவது கழித்தே கம் போடுங்கள். இல்லையென்றால் நிகோடின் வாயில் சரியாக உறிஞ்சப்படாது, ஏக்கமும் தணியாது.

குட்காவும் வாயில் அதக்கும் புகையிலையும் மாற்றே அல்ல, வாய்ப்புற்றுநோய் வரும். இ-சிகரெட் விற்பனைக்கு நாடு முழுதும் 2019 முதல் தடை. கர்ப்பிணிகளும் இதய நோயாளிகளும் டாக்டரைக் கேட்காமல் கம் தொட வேண்டாம்.

தடுமாறும்போது 1800-11-2356 என்ற இலவச எண்ணுக்குக் கூப்பிடுங்கள்.