காது கேளாத மகனுக்கு ஆபரேஷன்

கேள்வி: என் 7 வயது மகனுக்குப் பிறவியிலேயே காது கேட்காது. காக்ளியர் இம்ப்ளான்ட் வைத்திருக்கிறோம். சைகையிலும் பேசுவான். அடுத்த வாரம் குடலிறக்க ஆபரேஷன். நர்ஸ்களிடம் என்ன சொல்லி வைக்க வேண்டும்?
– ஒரு வாசகி, திண்டுக்கல்

பதில்: தைரியமாகப் போங்கள் அம்மா. அட்மிஷன் போடும்போதே, தலையில் இம்ப்ளான்ட் இருப்பதை கேஸ் ஷீட்டில் பெரிதாக எழுதச் சொல்லுங்கள். ரத்தக்கசிவை நிறுத்தச் சூடு வைக்கும் மின்கருவியில் எந்த வகை என்பதை சர்ஜன் அதைப் பார்த்துத்தான் முடிவு செய்வார். உள்ளே காந்தம் இருப்பதால் எம்.ஆர்.ஐ. என்றாலும் முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

காதுக்கு வெளியே மாட்டும் கருவியை வார்டிலேயே கழற்றிவிட வேண்டாம். மயக்கம் வரும்வரை இருக்கட்டும் என்று கேளுங்கள். கழற்றிய பின் கருவியை வைக்க, பெயர் எழுதிய ஒரு டப்பாவைக் கொடுத்துவிடுங்கள். கண் விழித்ததும் நர்ஸ் கருவியை மாட்டிவிட்டால், பாதி அழுகை அங்கேயே நின்றுவிடும்.

வலது கையால் சைகை செய்கிறானா? டிரிப்ஸ் ஊசியை இடது கையில் போடச் சொல்லுங்கள். வலது கையைக் கட்டிப்போட்டால் அவன் வாயைக் கட்டியது போலாகிவிடும். அவனைத் தொடுவதற்கு முன் நர்ஸ் எதிரே வந்து முகம் காட்டட்டும்; மாஸ்க் போட்டிருந்தால் உதட்டசைவு தெரியாது, கையால் காட்டட்டும். சைகை தெரிய, இரவில் சின்ன விளக்கு எரியட்டும்.

வலியைக் கேட்க, சிரிப்பிலிருந்து அழுகை வரை ஆறு முகங்கள் வரைந்த அட்டை குழந்தைகள் வார்டில் இருக்கும். அதை இன்றே வீட்டில் வரைந்து பழக்கிவிடுங்கள். எங்கே, எவ்வளவு வலிக்கிறது என்று அவனே காட்டிவிடுவான்.